அடைக்கோழிக்கு ஒரு மருந்துச் சீட்டு

பிப்ரவரி 4

அன்புள்ள கம்பவுண்டருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அதைக் கடிதம் என்று சொன்னால் தபால்காரருக்கே கோபம் வரும். மொத்தம் ஏழு வரி. அதில் நலம் என்று ஒரு வரி, நலமறிய ஆவல் என்று ஒரு வரி. இருபத்திரண்டு வருஷம் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடியிருந்துவிட்டு, இப்போது மகன் வீட்டு ஆறாவது மாடியில் வந்து உட்கார்ந்திருப்பவளுக்கு ஏழு வரி போதும் என்று யார் உனக்குச் சொன்னது? கிளினிக்கில் சிரப்பை அளந்து ஊற்றுகிற மாதிரி எனக்கும் ஊற்றாதே.

போன் பண்ணக் கூடாதா என்று கேட்டிருக்கிறாய். இங்கே போனில் பேசுவது ரேடியோவில் பேசுகிற மாதிரி. மருமகளுக்கு வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை, ஹாலில்தான் மேஜை. தங்கமான பெண், குறை சொல்லமாட்டேன். ஆனால் நான் "ஹலோ" என்றாலே காதில் மாட்டியிருப்பதைக் கழற்றிவிட்டு, "என்ன அத்தை, ஏதாவது வேணுமா?" என்கிறாள். உன்னிடம் நான் பேசுவதெல்லாம் இன்னொருத்தர் முன்னால் பேசுகிற பேச்சா? அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது.

சரி, மேனேஜர் விஷயத்துக்கு வருகிறேன். முட்டையிட்டுவிட்டு ஒரு நிமிஷம்கூட உட்காராமல் எழுந்து மேற்பார்வைக்குப் போய்விடுகிறது என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கோழிக்கு மேனேஜர் என்று பெயர் வைத்ததே அதற்குத்தானே. மூன்று வருஷம் நான் தலைகீழாக நின்று பார்த்தேன், எனக்கு ஒருநாளும் அடை உட்காரவில்லை. இந்தத் தடவை நீ செய்து பார். முட்டையைத் தினமும் எடுக்காதே. அடியில் முட்டை சேரச் சேரத்தான் அதற்கு உட்காரும் எண்ணம் வரும். நிஜ முட்டையை விட்டுவைத்தால் கெட்டுவிடும், அதனால் பிங்பாங் பந்து வாங்கித் துளை போட்டு, மணலை நிரப்பி, மெழுகு வைத்து அடைத்துப் பெட்டிக்குள் போடு. பெட்டி வாயில் ஒரு சாக்குத் துணியைத் தொங்கவிடு, உள்ளே இருட்டாக இருக்கட்டும். நம் கொல்லையில் சேவல் இல்லாததால் அதன் முட்டை பொரிக்காது. உட்கார்ந்துவிட்டால் சேவல் சேர்ந்த முட்டை எங்காவது வாங்கி வைக்க வேண்டும். அதை அப்போது சொல்கிறேன்.

அதற்கு நாலு வயசாகிவிட்டது. இனிமேல் எத்தனை வருஷம் இருக்கப்போகிறது? அது போய்விட்டால் அந்தப் பக்கம் என்னுடையது என்று ஒன்றுமே இருக்காது. உன்னை நம்பித்தான் விட்டுவிட்டு வந்தேன்.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. மூன்றாவது மாடியில் ஒரு அம்மா இருக்கிறார், ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ரிடையர் ஆனவர். தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் பார்க்கில் நடக்கிறோம். என்னமாய்ப் பேசுகிறார் தெரியுமா?

உன் டெய்லர்


பிப்ரவரி 17

அன்புள்ள டெய்லருக்கு,

நலம். ஏழு வரி போதாது என்றாய், எண்ணிக்கொண்டே எழுதுகிறேன்.

பிங்பாங் பந்து நாலு வாங்கினேன். எவ்வளவு மணல் என்று நீ எழுதவில்லை. மேனேஜரின் முட்டை ஒன்றைக் கிளினிக் தராசில் வைத்துப் பார்த்தேன், ஐம்பத்திரண்டு கிராம். பந்துகளையும் அதே எடைக்குக் கொண்டுவந்தேன். அதைப் பார்த்து டாக்டர், "என்னம்மா, விளையாடறதுக்குச் சேந்துட்டீங்களா?" என்று கேட்டார். பெட்டிக்குள் வைத்த பத்தாவது நிமிஷம் மேனேஜர் ஒரு பந்தை வெளியே தள்ளியது. மற்ற மூன்றையும் பொறுத்துக்கொண்டது. சாக்குத் துணியும் மாட்டியாகிவிட்டது.

உன் வீட்டுக்கு ஆள் வந்தாயிற்று. முப்பது வயதுப் பெண், தனியாகத்தான் இருக்கிறாள். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற வேலை. முன்னும் பின்னும் எல் போர்டு மாட்டிய கார் வாசலில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை சுவர் மேலாக எட்டிப் பார்த்து, "அக்கா, பொட்டியோட வாய் வெளிச்சத்தப் பாத்து இருக்கே. அதுக்கு ஒளிஞ்சிக்கிற மாதிரி எடம் வேணும். செவுத்துப் பக்கம் திருப்பி வைங்க" என்றாள். அவள் அம்மா கோழி வளர்த்தவராம். திருப்பி வைத்தோம். அன்றிலிருந்து மேனேஜர் ஒரு தடவைக்கு இரண்டு மணி நேரம் உள்ளே இருக்கிறது.

எனக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுத்தருகிறேன் என்கிறாள். நீ போனதிலிருந்து கிளினிக்குக்கு நடந்துதான் போய்க்கொண்டிருக்கிறேன். ஐம்பத்தெட்டு வயதில் எதற்கு என்று முதலில் நினைத்தேன். இவ்வளவு காலமும் உன் பின்னால் உட்கார்ந்தே போய்விட்டேன், இனிமேல் நானே ஓட்டினால் என்ன என்று இப்போது தோன்றுகிறது.

மூன்றாவது மாடி அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாய். சந்தோஷம். படித்தவர்களோடு பழகுவது நல்லதுதான்.

கம்பவுண்டர்


பிப்ரவரி 22

அன்புள்ள கம்பவுண்டருக்கு,

உன் கடிதத்தில் பாதி அந்த எல் போர்டு. கோழிக்குக் கால் பங்கு. மிச்சத்தில்தான் நான்.

அவள் எதன் மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்தாள்? நான் போட்டுவிட்டு வந்த சிமெண்ட் கல் மேல்தானே? அந்தக் கல்லை நான் எங்கிருந்து உருட்டிக்கொண்டு வந்தேன் என்று உனக்குத் தெரியும். உன் கண் ஆபரேஷன் சமயத்தில், நாளைக்கு நாலு தடவை உனக்குச் சொட்டு மருந்து போட வாசல் வழியாகச் சுற்றி வர நேரமில்லாமல், சுவர் ஏறிக் குதிக்கிறதுக்காகப் போட்ட கல் அது. வந்து பத்து நாள் ஆகவில்லை, அதன் மேல் நின்றுகொண்டு இவள் என் கோழிக்குப் பெட்டியைத் திருப்பச் சொல்கிறாள். நீயும் திருப்பிவிட்டாய். மூன்று வருஷம் நான் வைத்த பெட்டி தப்பு, நேற்று வந்தவள் சொன்னது சரி. நல்லது.

பெட்டியைத் திருப்பியதால்தான் அது உட்காருகிறது என்று நினைக்காதே. மணல் பந்து வைத்ததால்தான் உட்காருகிறது. அந்த யோசனை யாருடையது என்பதையும் அவளிடம் சொல்.

அப்புறம் இந்த ஸ்கூட்டர். இருபது வருஷத்தில் எத்தனை தடவை உன்னை ஓட்டக் கற்றுக்கொள் என்று கெஞ்சியிருப்பேன்? "எனக்குப் பயமா இருக்கு, நீ இருக்கறப்ப எனக்கென்ன" என்று சொல்வாய். அவள் ஒரு தடவை சொன்னதும் பயம் எங்கே போயிற்று? விழுந்து காலை உடைத்துக்கொண்டால் எனக்கு எழுதாதே. அவளே வந்து கட்டுப் போடட்டும்.

பொறாமையா என்று கேட்பாய். ஆமாம், பொறாமைதான். வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன், தெரிந்துகொள்.

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா என்னை அவர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்.

டெய்லர்


மார்ச் 10

அன்புள்ள டெய்லருக்கு,

மேனேஜர் உட்கார்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமையிலிருந்து எழுந்திருக்கவில்லை. கிட்டே போனால் உடம்பெல்லாம் உப்பிக்கொண்டு உறுமுகிறது. நெஞ்சிலிருந்து இறகைப் பிடுங்கிப் பெட்டியில் பரப்பியிருக்கிறது. நாளைக்கு ஒரு தடவை மட்டும் வெளியே வந்து, அவசர அவசரமாகத் தின்றுவிட்டு, என்னை முறைத்துக்கொண்டே உள்ளே போகிறது. இதெல்லாம் அடை உட்கார்ந்ததற்கு அடையாளம் என்று டிரைவிங் பெண் சொன்னாள். உன்னைக் கேட்டு எழுதிப் பதில் வருவதற்குள் எட்டு நாள் ஆகிவிடும், அதனால் அவளையே கேட்டேன்.

சேவல் சேர்ந்த முட்டையும் அவள்தான் கொண்டுவந்தாள். அவளிடம் கார் பழகுகிற ஒரு அம்மா வீட்டில் சேவல் இருக்கிறதாம். ஒன்பது முட்டை. நேற்றுச் சாயங்காலம் இருட்டினதும் அவள் மேனேஜரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள், நான் பந்துகளை எடுத்துவிட்டு முட்டைகளை வைத்தேன். அவள் கையில் அது பேசாமல் இருந்தது. என்னைத்தான் கொத்தியது. இன்றிலிருந்து இருபது நாள், முப்பதாம் தேதி பொரிக்க வேண்டும்.

அவளுக்கு இதில் அவ்வளவு ஆசை. தினமும் வேலை முடிந்து வந்ததும் முதல் வேலையாக எட்டிப் பார்த்து, "மேனேஜர் மேடம் சீட்ல இருக்காங்களா?" என்று கேட்கிறாள். அந்தப் பெயர் அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நேரம் போவதே தெரிவதில்லை.

ஸ்கூட்டரில் நேற்றுத் தெருக்கோடி வரை போய்த் திரும்பினேன்.

ஹெட்மிஸ்ட்ரஸ் வீட்டுச் சாப்பாடு எப்படி இருந்தது?

கம்பவுண்டர்


மார்ச் 14

அன்புள்ள கம்பவுண்டருக்கு,

மிகவும் சந்தோஷம். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சாதித்துவிட்டீர்கள்.

ஒரே ஒரு விஷயம் உனக்குத் தெரியாமல் போகக் கூடாதே என்று எழுதுகிறேன். அடை உட்கார்ந்த கோழிக்கு உடம்பெல்லாம் பேன் பிடிக்கும். வெளியே தெரியாது, இறகுக்கு அடியில் இருக்கும். கவனிக்காமல் விட்டால் குஞ்சுக்கும் ஏறிக் கொன்றுவிடும். உனக்குப் புரிகிற மாதிரியே எழுதுகிறேன்:

குளிர்ந்த தண்ணீர், ஒரு வாளி. கோழியின் வயிறு நனைகிற மாதிரி ஐந்து நிமிஷம் முக்கிப் பிடிக்கவும். பிறகு அடியில் வைக்கோல் இல்லாத கம்பிக் கூடையில், காற்று படும் இடத்தில், ஒரு மணி நேரம் வைக்கவும். காலை, மதியம், மாலை. மூன்று நாள்.

இது எங்கள் வீட்டில் காலங்காலமாகச் செய்வது. எல் போர்டுக்குத் தெரிந்திருக்காது.

டெய்லர்


மார்ச் 21

அன்புள்ள டெய்லருக்கு,

உன் சீட்டு பதினெட்டாம் தேதி காலையிலேயே கிடைத்தது. அன்றே ஆரம்பித்தேன்.

மேனேஜர் வாளிக்குள் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. மத்தியானம் இரண்டாவது வேளைக்கு அதை முக்கிக்கொண்டிருந்தபோது டிரைவிங் பெண் சுவர் ஏறியே குதித்து வந்தாள். "அக்கா, என்ன பண்றீங்க? விடுங்க, விடுங்க. இப்படிப் பண்ணா அடை தெளிஞ்சிடும். முட்டையெல்லாம் வீணாப்போயிடும்" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "எழுதிக் குடுத்தது யார் தெரியுமா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே கோழி வளத்தவ. முப்பத்தொரு வருஷமா சீட்டைப் படிச்சு மருந்து குடுக்கறேன், டாக்டரோட கோழிக்கிறுக்கலையே படிக்கறவளுக்கு இதைப் படிக்கத் தெரியாதா? நீ கார் ஓட்டச் சொல்லிக்குடுக்கறதோட நிறுத்திக்கோ" என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. வாசல் வழியாகப் போனாள். அதன் பிறகு சுவர்ப் பக்கம் வரவில்லை. ஸ்கூட்டரும் நின்றுவிட்டது.

மூன்று நாளும் மூன்று வேளையும் எழுதியபடி செய்து முடித்தேன். மேனேஜர் இப்போது பெட்டிப் பக்கமே போகவில்லை. கொல்லையில் நின்று மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறது. முட்டைகளைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருக்கின்றன.

இதற்கு வேறு மருந்து உண்டா? உடனே எழுது.

கம்பவுண்டர்


மார்ச் 25

கம்பவுண்டர்,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

மருந்து கிடையாது. பேனும் கிடையாது. அவள் சொன்னதுதான் சரி. அடை தெளிய வைக்கத்தான் கோழியைத் தண்ணீரில் முக்குவார்கள், கம்பிக் கூடையில் போடுவார்கள். எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

உன் பத்தாம் தேதிக் கடிதத்தைப் படித்தபோது பால்கனியில் இருந்தேன். இங்கே எனக்குத் தைக்க ஒன்றும் இல்லை. திரைச்சீலை ஓரத்தைப் பிரித்துத் திரும்பவும் அடித்துக்கொண்டிருந்தேன், மெஷின் துருப்பிடிக்காமல் இருக்க. மூன்று வருஷம் எனக்கு உட்காராத கோழி அவள் வந்து பெட்டியைத் திருப்பினதும் உட்கார்ந்ததாம். அவள் கையில் பேசாமல் இருந்ததாம். "நேரம் போவதே தெரிவதில்லை" என்று எழுதியிருந்தாய் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு இங்கே ஒவ்வொரு நிமிஷமும் தெரிகிறது. முப்பதாம் தேதி குஞ்சு பொரித்தால் நீங்கள் இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பெட்டிக்குள் பார்ப்பீர்கள் என்று நினைத்தேன். அது நடக்கக் கூடாது என்று நினைத்தேன். உனக்கு எப்படி எழுதினால் மறுபேச்சு இல்லாமல் செய்வாய் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் சீட்டு மாதிரி எழுதினேன்.

நீ அவளோடு சண்டை போட்டுவிட்டாய் என்று படித்ததும் முதலில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். பொய் சொல்லமாட்டேன். எனக்காக ஒருத்தியை எடுத்தெறிந்து பேசினாளே என்று இரண்டு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் அடுத்த வரியைப் படித்தேன். முட்டை சில்லென்று இருக்கிறது, வேறு மருந்து உண்டா என்று என்னிடமே கேட்கிறாய். மருமகள் வந்து, "என்ன அத்தை, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாவது மாடி ஹெட்மிஸ்ட்ரஸ் விஷயமும் பொய். அப்படி ஒரு அம்மா இருக்கிறார். லிப்டில் பார்த்தால் தலையை ஆட்டுவார். ஒருநாள் "எத்தனையாவது மாடி?" என்று கேட்டார். அவ்வளவுதான் எங்கள் பழக்கம். பார்க்கும் இல்லை, சாப்பாடும் இல்லை. உனக்கு உறுத்தட்டும் என்று எழுதினேன்.

அந்தப் பெண்ணிடம் போய்ச் சமாதானம் பேசு. என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள். நீ இனி எழுதவில்லை என்றால் ஏன் என்று கேட்கமாட்டேன்.

டெய்லர்


ஏப்ரல் 2

டெய்லருக்கு,

உன் கடிதம் கைக்கு வந்தபோது முட்டைகள் மேனேஜருக்கு அடியில் சூடாகத்தான் இருந்தன. இருபத்தொன்றாம் தேதி நான் எழுதியதில் பாதி பொய்.

முதல் நாள் மூன்று வேளையும் முக்கினது நிஜம். அவளோடு சண்டை போட்டதும் நிஜம். மறுநாள் காலை கிளினிக்கில் பெருக்க வருகிற அம்மாவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் வீட்டிலும் கோழி உண்டு. "அய்யோ, அடை கலைக்கத்தானே அப்படி முக்குவாங்க, முட்டைக்கு மேல உக்காந்திருக்கற கோழிய யாராவது முக்குவாங்களா?" என்றார். அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடிவந்தேன். மேனேஜர் கொல்லையில் நின்றுகொண்டிருந்தது. தூக்கிப் பெட்டிக்குள் விட்டுச் சாக்கை இழுத்துவிட்டேன். ஒரு மணி நேரம் என்னை ஏசிவிட்டு, அப்புறம் தானாகவே முட்டைகளை அடியில் இழுத்துக்கொண்டது.

தப்பான சீட்டு வந்தால் நாங்களே திருத்திக்கொள்ள மாட்டோம். எழுதினவரிடமே திருப்பி அனுப்புவோம், அவர் கையால் அடித்துத் திருத்தட்டும் என்று. அதனால்தான் மூன்று நாளும் செய்தேன் என்று எழுதி, வேறு மருந்து உண்டா என்று உன்னிடமே கேட்டேன். மழுப்பிப் பதில் எழுதினாயானால் அதோடு உன்னை விட்டுவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தேன். தினமும் தபால்காரரைத் தெருக்கோடியிலேயே மறித்துக் கேட்டேன். எழுதிவிட்டாய். அதற்காகக் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே.

நேற்றுக் காலைதான் பொரித்தது, நடுவில் சூடு விட்டுப்போனதால் இரண்டு நாள் தாமதம். ஒன்பதில் நாலு குஞ்சு. மிச்சம் ஐந்தும் அப்படியே நின்றுவிட்டன. கிளினிக் டார்ச்சை அடியில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு கூமுட்டை. மூன்றில் உயிர் பிடித்து, பாதியில் போயிருக்கிறது. அந்த மூன்றும் உன் கணக்கு.

இன்னொன்றும் உன் கணக்கில்தான் வரும். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்லித்தானே ஆக வேண்டும்? உன் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. "அவ எழுதினது வேற, நான்தான் சீட்டைத் தப்பாப் படிச்சிட்டேன்" என்றேன். நல்ல பெண், நம்பிவிட்டாள். "பரவால்லக்கா, கண்ணாடி மாத்தற நேரம் வந்துருச்சு போல" என்றாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. போன வாரம் தொண்டை வலி என்று கிளினிக்குக்கு வந்தவள், என் மேல் உள்ள அக்கறையில் டாக்டரிடம், "அக்காவுக்குக் கண்ணைக் கொஞ்சம் பாருங்க டாக்டர், எழுத்து சரியாத் தெரியல, ஆபரேஷன் பண்ண கண்ணு வேற" என்று சொல்லிவிட்டாள். இப்போது நான் படித்த ஒவ்வொரு சீட்டையும் ரிசப்ஷன் பெண் வாங்கி இன்னொரு தடவை படித்துவிட்டுத்தான் மருந்தைக் கொடுக்க விடுகிறாள். டாக்டர் உத்தரவு. வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கிறார்கள். ஒருநாள்கூட ஒரு மாத்திரை மாற்றிக் கொடுத்தவளில்லை நான்.

நீ பொறாமையில் செய்தேன் என்று எழுதியிருக்கிறாய். எனக்குப் பொறாமை இல்லை என்று நினைத்தாயா? நீ ஊரை விட்டுப் போவது எனக்கு எப்படித் தெரிந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? சாமான் ஏற்றுகிற வேன்காரர் வந்து, "உங்க பக்கத்து வீடு காலி பண்றாங்களே, வேனை உங்க வாசல்ல நிறுத்திக்கலாமா?" என்று கேட்டார். அப்போதுதான். மகன் வீடு, மருமகள், லிப்டு என்று நீ பார்த்துக்கொண்டு போய்விட்டாய். அப்புறம் வந்த முதல் கடிதத்திலேயே ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ். அந்தப் பெண் என்னிடம் பேசினது நாளைக்குப் பத்து நிமிஷம் இருக்கும். அதை நான்தான் கடிதத்தில் ஒரு மணி நேரமாக எழுதினேன். உனக்கு எரியட்டும் என்றுதான். எரிந்துவிட்டது. இவ்வளவு தூரம் எரியும் என்று தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

குஞ்சுகளைப் பார்க்க வா என்று கூப்பிடும் மனநிலையில் நான் இல்லை.

கம்பவுண்டர்


ஏப்ரல் 6

அன்புள்ள கம்பவுண்டருக்கு,

இந்த உறைக்குள் இன்னும் இரண்டு கடிதம் இருக்கும். இரண்டையும் ஒட்டவில்லை. படித்துவிட்டுக் கொடு.

ஒன்று டாக்டருக்கு. பதினாலாம் தேதி நான் உனக்கு எழுதியதை ஒரு எழுத்து மாறாமல் அப்படியே அதில் எழுதி, இதை எழுதியவள் நான், தெரிந்தே தப்பாக எழுதினேன், உங்கள் கம்பவுண்டர் சரியாகத்தான் படித்தாள், அவளுக்குக் கண்ணில் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் நிஜக் கடிதமும் உன்னிடம் இருக்கும். அதையும் சேர்த்துக் காட்டு. ரிசப்ஷன் பெண் முன்னாலேயே காட்டு. காட்டாமல் விடாதே. என்னைக் காப்பாற்ற நினைத்து எதையாவது மறைத்தாயானால் அடுத்த பஸ்ஸில் கிளம்பி வந்து கிளினிக் வாசலில் நின்று நானே சொல்வேன்.

இன்னொன்று அந்தப் பெண்ணுக்கு. நாலு தடவை எழுதி நாலு தடவை கிழித்தேன். முதலில் எழுதியதில் மன்னிப்பு ஒரு வரி, அவளைக் குத்திக் காட்டினது மூன்று வரி. இரண்டாவதிலும் கடைசியில் குத்தலுக்கே கை போய்விட்டது. இப்போது உள்ளே இருப்பதில் குத்தல் இல்லை. "நீ சொன்னதுதான் சரி, உன் மூன்று முட்டையைக் கெடுத்தது நான், காரணம் பொறாமை" என்று மட்டும் இருக்கிறது. அதை எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதினேன். இன்னும் அவளைப் பிடிக்கவில்லை. பார்த்ததே இல்லை, ஆனாலும் பிடிக்கவில்லை. அது என் குறை, அவள் குறை இல்லை.

போவதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறாய். மகன் செப்டம்பரிலேயே கூப்பிட்டுவிட்டான். தினமும் காலையில் சுவரோரம் வந்து நிற்பேன், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று. நீ டீ டம்ளரோடு வந்து, நேற்று கிளினிக்கில் யார் வந்தார்கள், யார் ஊசிக்குப் பயந்து ஓடினார்கள் என்று ஆரம்பிப்பாய். சொன்னால் நீ அழமாட்டாய் என்று எனக்குத் தெரியும். "சரி, நல்லது, போய்ட்டு வா" என்பாய். அதை உன் வாயால் கேட்கப் பயந்துதான் வேன் வருகிற வரைக்கும் தள்ளிப்போட்டேன். அதற்கு என்னை நீ என்ன சொன்னாலும் தகும்.

மருமகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவளுக்குக் கோழி, அடை எதுவும் புரியவில்லை. பொறாமை மட்டும் புரிந்தது. "என்ன அத்தை, இதுக்கா இத்தனை நாள் ஹால்ல பேசாம இருந்தீங்க?" என்று சொல்லிவிட்டு, தன் மேஜையைப் படுக்கையறைக்கு நகர்த்திவிட்டாள். இனி நான் ஹாலில் உட்கார்ந்து போன் பேசலாம். ஆனால் நானாகக் கூப்பிடமாட்டேன். உனக்குப் பேசத் தோன்றுகிற அன்று நீ கூப்பிடு. ஒரு வருஷம் ஆனாலும் சரி.

அவளிடம் பழையபடி பேசு. வண்டி பழகு. தெருக்கோடியோடு நிறுத்தாமல் மெயின் ரோட்டிலும் ஓட்டு. நாலு குஞ்சையும் இரண்டு பேரும் சேர்ந்தே வளருங்கள். என்ன பேசினீர்கள், எப்படிச் சிரித்தீர்கள் என்று மட்டும் எனக்கு எழுதாதே, என்னால் தாங்க முடியாது.

இல்லை, எழுது. எழுதாமல் விட்டால் நானே கற்பனை பண்ணிக்கொள்வேன். அது இன்னும் மோசமாக இருக்கும்.

உன் டெய்லர்